வெள்ளையின் எண்

இரண்டும் ஒரே அச்சு.
அதே கறுப்பு உடல், கையில் அதே கனம்,
இடது மூலையில் அதே சின்ன சன்னல்.
மேசைமேல் வைத்துவிட்டு
ஸிக்னே என் முகத்தைப் பார்க்கிறாள்.
ஒன்று நிறம் அறியும். மற்றது அறியாது.
அறியாததற்கு அறுநூறு யூரோ அதிகம்.

"இல்லாததற்கா காசு?"

சென்சார்மேல் ஒட்டும்
சிவப்பு பச்சை நீலச் சல்லடையைச்
செய்யாமல் விட்டதற்கு, என்கிறாள்.
சல்லடை இல்லாத இடத்தில் ஒளி வீணாகாது.
இருட்டில் அது ஆந்தை.

துர்க்குவில் நவம்பர்.
நாலு மணிக்கே விளக்குப் போடும் ஊரில்
ஆந்தைக்கு மேல் என்ன வேண்டும் எனக்கு?

அதுவுமல்லாமல்
கப்பல் கட்டும் துறையில் நான் பெயின்ட் பொருத்துகிறவள்.
காலை ஏழிலிருந்து நிறம், நிறம், நிறம்.
வெள்ளை மட்டுமே நூற்றுப் பதினான்கு எங்களிடம்,
ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்.
பயணிகள் தளத்து வெள்ளையில்
ஒரு சொட்டு மஞ்சள் கூடினாலும்
மணல் விழுந்தாற்போல் கண் உறுத்தும்.
ஞாயிற்றுக்கிழமையாவது
இந்தக் கண்களுக்கு லீவு விடலாம் என்றுதான்.

"இரண்டையும் கொண்டுபோ. திங்கள் சொல்."

சனிக்கிழமை கறுப்பு வெள்ளை.
சந்தைக் கூடத்தில்
சிவந்த லிங்கன்பெர்ரியும் பச்சை ஆப்பிளும்
ஒரே சாம்பலில் சமாதானமாயின.
ஆரஞ்சுக் கண்ணாடியை லென்ஸில் திருகினேன்,
கதீட்ரலின் செங்கல்
சோப்புப் போட்டுக் குளித்து வந்தது.
ஒன்று மட்டும்:
தெருவிளக்கைச் சுற்றி வெந்துபோன வெளிச்சத்தை
வீட்டில் எப்படி இழுத்தும் மீட்க முடியவில்லை.
போனது போனதுதான்.
அந்த வெள்ளைக்கு எங்களிடமும் எண் கிடையாது.

இரவு ஔரா ஆற்றின் படகு மதுக்கடை.
எதிரே ரௌனோ, எங்கள் துறையின் வெல்டர்.
கண்வைத்த சின்னச் சதுரத்துக்குள் இரண்டு ரௌனோக்கள்.
வளையத்தைத் திருப்பத் திருப்ப
நெருங்கி, தயங்கி, ஒருவனானார்கள்.
கிளிக்.
பதினேழு வருஷப் பழக்கத்தில்
இவ்வளவு அழகாய் அவனைப் பார்த்ததில்லை:
தாடி முளைகள் ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு ஒளி,
வெள்ளிபோல் விழி.

ஞாயிறு நிறம்.
கரையேற்றிய படகைத் தார்ப்பாயால் மூடிக்கொண்டிருந்தான்.
அதே லென்ஸ். அதே ஒன்றரை மீட்டர்.

ராத்திரி இரண்டையும் திரையில் பக்கத்தில் வைத்தேன்.
முதலில் சந்தேகம் கேமராமேல்.
வெண்மையைச் சரிசெய்தேன்.
படகின் விலா வெள்ளையானது.
தார்ப்பாயின் கயிறு வெள்ளையானது.
ரௌனோவின் விழி மட்டும் ஆகவில்லை.
எண் நாற்பத்தொன்று.
எந்த அறைக்கும் பூச வேண்டாமென்று
நாங்களே ஒதுக்கிவைத்த வெள்ளை.

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சளாம்.
கறுப்பு வெள்ளைக்கோ
காமாலையே வெள்ளி.

பதினொரு மணிக்குப் போன் செய்தேன்.
"குடித்தது ஏறியிருக்கும், தூங்கு" என்றான்.
தூங்கவில்லை. தூங்கவும் விடவில்லை.

பித்தப்பையில் கல், குழாயில் வந்து அடைத்திருந்தது.
எடுத்துவிட்டார்கள்.
வியாழக்கிழமை, தலையணையில் சாய்ந்து
இரண்டு படங்களையும் வெகுநேரம் பார்த்தான்.
நன்றி சொல்வான் என்றிருந்தேன்.
"ரெண்டு நாள் எதிரிலேயே இருந்தாய், ஓய்லி.
நீ பார்க்கலையே.
பெட்டிதானே பார்த்தது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.
வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

தவணை கடந்து நாலு நாள்.
நடந்ததைக் கேட்ட ஸிக்னே
நிறக்காரனை டப்பாவில் வைக்கத் தொடங்கிவிட்டாள்.
இல்லை, மற்றது, என்கிறேன்.
அறுநூறு அதிகம், நினைவிருக்கட்டும் என்கிறாள்.
இருக்கிறது.

"ஏன்?"

தெரியவில்லை என்றேன். பொய்.
ரசீது எழுதிவிட்டு
அவள் சன்னல் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து
பார்த்துக்கொண்டேன்.

எண் ஆறு.
நல்ல வெள்ளை.